அந்த மரக்கன்றுகளுக்கு யார் பேர் போடுகிறார்கள்?

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசலில் தவளைப் படம் போட்ட பச்சைப் பலகை இருக்கிறது. உலகச் சுற்றாடல் தினமான ஜூன் 5 ஆம் திகதி கம்பனியிலிருந்து வந்து மரம் நட்டார்கள். பசுமை விருதும் வாங்கியிருக்கிறார்களாம். ஆனால் மருந்தடித்து மழை பெய்தால் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழே ஓடும் ஓடையில் நுரை வருகிறது. அம்மா குடிப்பது இன்னும் ஊற்றிலிருந்து வந்து விழும் அதே பழைய பீலித் தண்ணீர்தான். இதெல்லாம் உண்மையா, வெறும் விளம்பரமா?"

விளம்பரமா என்று கேட்டாலும், தங்கை, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அந்தப் பலகையை நம்பி அம்மா தண்ணீர் குடிக்கலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலகையை நம்பிக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்துக் குடிக்கட்டும், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எப்படிக் கொடுப்பது என்று கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பலகை முழுப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடம் தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் சான்றிதழுக்கான உள்ளகப் பரிசோதனை என் பொறுப்பில் இருந்தது. நல்லதையும் பார்த்திருக்கிறேன், நாடகத்தையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தவளை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முத்திரை. 1987 இல் தொடங்கிய அமைப்பு அது. 2018 இல் உட்ஸ் என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பு அதோடு இணைந்தது. மலையகத்துக்குள் அந்த முத்திரை பெருகியதற்கு முக்கியக் காரணம், 2007 இல் லிப்டன் தேயிலையின் அன்றைய சொந்தக்காரரான யூனிலீவர், தான் வாங்கும் தேயிலை முழுவதையும் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்தே வாங்கப் போவதாக அறிவித்ததுதான். பெரிய வாடிக்கையாளர் கேட்டால் தோட்டம் மாறத்தானே வேண்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. நம் துரைமார் (தோட்ட முகாமையாளர்கள்) பலர் ஓடைக் கரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். மருந்தடிக்கிறவர்களுக்குக் குளிக்க இடமும் உடுப்பு மாற்ற அறையும் கட்டப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்த ஆட்கள் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார்கள்.

முத்திரை என்ன கேட்கிறது என்று தெரிந்தால் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2020 இல் வந்த விதிமுறைப்படி, 2014 ஜனவரி 1 க்குப் பிறகு இயற்கைக் காட்டை வெட்டிப் பயிர் வைத்திருக்கக் கூடாது. 5 மீற்றர் வரை அகலமான ஓடை என்றால் இரண்டு பக்கமும் 5 மீற்றர் பசுமைக் கரை விட வேண்டும். 10 மீற்றர் வரை என்றால் 8, அதற்கு மேல் அகலமான ஆறு என்றால் 15. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்தடிக்கக் கூடாது. தொழிலாளிக்குக் குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர் கிடைக்க வேண்டும். அதாவது, உங்கள் அம்மாவின் பீலித் தண்ணீர் அந்தப் பலகைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல, அது விதிக்குள்ளேயே இருக்கிறது. இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலகையின் பலவீனம் எங்கே என்றால், பரிசோதனைக்காரருக்குக் காசு கொடுப்பது பரிசோதிக்கப்படும் தோட்டமே. மூன்று வருடச் சுற்று, வருடத்துக்கு ஒரு முறை பார்வை. பெரும்பாலும் வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் அந்த நாளுக்கு முதல் வாரம் புதுக் கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் ஸ்டோரிலிருந்து வந்தது. பரிசோதனைக்காரர் ஜீப் ஏறிப் போன மறுநாள் கையுறைகளை எண்ணித் திரும்ப வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். கொடுத்ததற்கான பதிவேட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. திரும்ப வாங்கியதற்குப் பதிவேடு இல்லை. அந்த அலுமாரியின் சாவியைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடம் வெறுங்கையோடு மருந்து கலக்கியவர்களின் முகங்கள் இன்றைக்கும் எனக்கு ஞாபகத்தில் இருக்கின்றன.

அதனால் நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு வழிதான். அறிக்கையைப் பார்க்காதீர்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைப் பாருங்கள். தோட்டத்தில் எந்த வேலையும் பேர், அதாவது ஓர் ஆளின் ஒரு நாள் வேலைப் பதிவு, விழுந்தால்தான் நடக்கும். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு (செடியைக் கத்தரிக்க) இத்தனை பேர், கான் (வடிகால்) வெட்ட இத்தனை பேர் என்று காலையில் பிரிப்பார்கள். ஒரு வேலைக்குப் பேர் போடவில்லை என்றால் அந்த வேலை அங்கே இல்லை, அவ்வளவுதான். ஜூன் 5 ஆம் திகதி நட்ட கன்று அன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். மலையில் ஒரு கன்று நிலைக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வருடம் சுற்றிலும் புல் எடுக்க வேண்டும், ஆடுமாடு கடிக்காமல் பார்க்க வேண்டும், செத்ததற்குப் பதில் வேறு நட வேண்டும். அதற்கு மாதம் எத்தனை பேர் போடுகிறார்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விளம்பரங்கள் விழுந்துவிடும். அம்மாவுக்கே இதற்குப் பதில் தெரியும். கொழும்பிலிருந்து வருகிற பரிசோதனைக்காரருக்குத் தெரியாது.

என்ன மரம் நட்டார்கள் என்றும் பாருங்கள். யூக்கலிப்டஸ் என்றால் அது பெரும்பாலும் ஸ்டோர் விறகு. ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய நாலரை கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும், அதை வாட்டிக் காய வைக்க ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை கிலோ விறகு எரியும். ஒரு நாளைக்கு 2,000 கிலோ தூள் போடும் ஸ்டோர் இரண்டு மூன்று தொன் விறகைத் தின்னும். அந்த விறகைக் காட்டிலிருந்து வெட்டாமல் சொந்த நிலத்தில் வளர்ப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதைக் காட்டை மீட்பது என்று அறிக்கையில் எழுதக் கூடாது. பத்துப் பதினைந்து வருடத்தில் வெட்டப் போகிற மரம் அது. ஓடைத் தலையில் உள்ளூர்க் காட்டு மரங்கள் நட்டிருந்தால் அது வேறு கணக்கு. தேயிலை மலைக்குள் சவுக்கும் (கிரெவிலியா) முள்முருங்கையும் நிழலுக்கு நட்டால் அது தேயிலைக்கே நல்லது, உதிரும் இலை மண்ணுக்கு உரமாகும். யூக்கலிப்டஸ் ஊற்றை வற்றடிக்கிறதா என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். இளம் வயதில் வேகமாக வளரும்போது அது நிறையத் தண்ணீர் இழுக்கும் என்பது உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊற்று வற்றியதற்கு அதுதான் காரணம் என்று மழைக் கணக்குப் பார்க்காமல் சொல்ல முடியாது. மண் தேய்ந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுவதும் ஊற்றைக் கொல்லும். என்னைக் கேட்டால் ஊற்றுக்கு மேலே அதை நடவே கூடாது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன், நான் நீரியல் படித்தவன் அல்லன்.

மண்ணைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் பசுமை பேசுவதில் அர்த்தமில்லை. மகாவலியும் களனியும் நம் தலைக்கு மேலிருந்துதான் இறங்குகின்றன. 1976 இல் திறந்த பொல்கொல்ல அணைக்கட்டின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 1988 க்குள் மண் நிரம்பிவிட்டது. பன்னிரண்டு வருடம்தான்! அந்த மண் முழுவதும் தேயிலை மலையிலிருந்து போனதல்ல, மரக்கறித் தோட்டமும் புகையிலையும் சேர்ந்துதான் அனுப்பின. ஆனால் செடி செத்து வெளுத்துப் போன விதையிலிருந்து வளர்த்த பழைய தேயிலை மலைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இதைத் தடுக்கும் வேலை எல்லாம் பழைய வேலைதான். சமமட்டத்தில் கான் வெட்டுவது, கானுக்குள் குழி விட்டு மண்ணைப் பிடிப்பது, கல் வரிசை கட்டுவது, வெட்டிய கவ்வாத்துக் கிளையை விறகுக்கு அள்ளிவிடாமல் மலையிலேயே பரப்புவது. முன்பு கான் வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அந்தப் பேரைத்தான், ஏனென்றால் கான் தூர்ந்தால் அந்த மாதக் கொழுந்து குறையாது, பத்து வருடம் கழித்துத்தான் குறையும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1970களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992 இல் 22 கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. நிலம் இன்னும் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. ஒரு மலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்ய வேண்டுமென்றால் இரண்டு வருடம் கோதமாலைப் புல்லோ மானாப்புல்லோ போட்டு மண்ணை ஆற வைக்க வேண்டும், பிறகு கன்று வைத்து ஒழுங்கான கொழுந்துக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு வருடம் வருமானமில்லாமல் காசு போட வேண்டிய வேலை. 2045 நெருங்க நெருங்க இதற்கு மனம் வருவது கஷ்டம். எந்த விருது கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. குத்தகை விதியில் மண்ணின் நிலையைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மண் எந்த நிலையில் இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

பசுமை என்று மேலேயிருந்து உத்தரவு வந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டோம். 2015 இல் கிளைபோசேற் என்ற களைமருந்தைத் தடை செய்தார்கள். புல் வெட்ட ஆள் இல்லை, பேர் போடக் காசும் இல்லை. தோட்டங்கள் வேறு களைமருந்துகளுக்குப் போயின. அதில் ஒன்றான எம்சிபிஏயின் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பான் பிரச்சினை எழுப்பியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். அப்புறம் 2021 மே மாதம் இரசாயன உரமே வரக் கூடாது என்றார்கள். அந்த வருடம் உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ, மறு வருடம் சுமார் 251 மில்லியன். 2022 இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாததும் சேர்ந்தது, எல்லாம் உரத்தால் மட்டும் விழுந்ததல்ல. ஆனால் உரமில்லாமல் மஞ்சளாகிப் போன மலையில் 18 கிலோ எடு, 20 கிலோ எடு என்று நின்றவர்களும், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் நம் அம்மாமார்தான். 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் அந்த 2021 இல்தான். இயற்கை விவசாயத்துக்கு எதிராக நான் பேசவில்லை, செய்ய முடியும். அதற்குக் கூட்டுரம் வேண்டும், மாடு வேண்டும், எல்லாவற்றையும் விட அதிக ஆட்களும் வருடங்களும் வேண்டும்.

வேறு சில பலகைகளும் உங்கள் கண்ணில் படும், அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஓசோனுக்கு உகந்தது என்ற இலச்சினை இருந்தால், தவறணை (நாற்றுமேடை) மண்ணில் நூற்புழுவைக் கொல்லப் போட்ட மெதில் புரோமைட்டைக் கைவிட்டதற்கானது அது. ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி நாடு உண்மையாகவே செய்த காரியம், பெருமைப்படலாம். ஆனால் அது ஓடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கூரையில் சூரிய மின்தகடு போட்டால் கம்பனிக்கு மின்சார வருமானம், அதுவும் நல்லதுதான். சிறு நீர்மின் திட்டம் என்றால் கவனமாகப் பாருங்கள். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடையில் ஓடை காயாமல் இருக்க எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அனுமதியில் இருக்கும், வறட்சி மாதத்தில் அதை விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. சிறுத்தையைக் காப்பாற்றுகிறோம் என்று நாட்காட்டி அடித்தால், கண்ணி தேடி எடுக்க மாதம் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று கேளுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அந்த அபூர்வமான கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்தது நினைவிருக்கும்.

சரி, உங்கள் ஓடைக்கு வருவோம். நுரை வந்தால் அது மருந்து என்று உடனே முடிவு கட்டாதீர்கள். லயத்துச் சவர்க்காரத் தண்ணீரிலும் நுரை வரும், மழையில் அழுகிய இலைகுழை கரைந்தாலும் வரும். மருந்து நுரையில்லாமலும் ஓடும். கண்ணால் உறுதியாகச் சொல்லக் கூடியவை வேறு. ஓடையிலிருந்து எத்தனை அடியில் மருந்தடிக்கிறார்கள், கரையில் புல்லும் செடியும் விட்டிருக்கிறார்களா, மழை இருட்டிய பிறகும் அடிக்கிறார்களா, வேலை முடிந்து மருந்து டாங்கியை எங்கே கழுவுகிறார்கள். கடைசியில் சொன்னதுதான் மிக மோசமானது. ஒரு டாங்கியை ஓடையில் அலசுவது நேராக மருந்தை ஊற்றுவது மாதிரி. இவற்றைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் இரண்டு மாதம் எழுதி வையுங்கள். அடித்த திகதி, மலை நம்பர், அன்றைக்கு மழையா. அந்தக் கொப்பிக்கு ஒரு புகைப்படத்தை விட மதிப்பு அதிகம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் மூலம் கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கலாம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். என் அனுபவத்தில் பீலித் தண்ணீரில் முதலில் அகப்படுவது மலக்கிருமிதான், மருந்து அல்ல. மேலே ஒரு லயத்தின் கக்கூஸ் இருந்தால் போதும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் மருந்து போகாது. அதனால் கொதிக்க வைப்பதோடு விட்டுவிடாமல், ஊற்றுக் கண்ணுக்கு மேலே மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். மருந்து எச்சத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை விலை கூடியது, எந்த மருந்து என்று தெரியாமல் தேடுவதும் வீண். எந்த மருந்து எந்த நாளில் அடித்தார்கள் என்று தோட்டத்தில் பதிவேடு இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தவளை முத்திரையின் விதிதான்.

காகிதம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள கம்பனியின் வருடாந்த அறிக்கையை யாரும் வாசிக்கலாம். அதில் எத்தனை கன்று நட்டோம் என்று இருக்கும், எத்தனை பிழைத்தது என்பது இருக்கிறதா என்று தேடுங்கள். அரச அலுவலகத்திடம் இருக்கும் காகிதத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். ஸ்டோரின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றி அதைக் கொடுத்த அரச அலுவலகத்திடம் இப்படிக் கேட்கலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. முத்திரைத் தேயிலைக்கு வாங்குபவர் சந்தை விலைக்கு மேலே ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்பது 2020 விதிமுறையில் இருக்கிறது. பெரிய தோட்டமென்றால் அதைத் தொழிலாளிகளின் பிரதிநிதிகளோடு பேசி அவர்களுடைய நன்மைக்குச் செலவழிக்க வேண்டும். உங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் கேளுங்கள், அப்படி ஒரு கூட்டத்துக்கு யாரையாவது கூப்பிட்டார்களா என்று. பீலிக்குத் தண்ணீர்த் தொட்டியும் வடிகட்டியும் வைக்கக் கேட்பதற்கு அதை விடப் பொருத்தமான இடம் இல்லை.

நான் வேலை செய்த ஒரு டிவிஷனில் ஊற்றுக்கு மேலே இருந்த முக்கால் ஏக்கர் தேயிலையை விட்டுக்கொடுக்க ஒரு துரை சம்மதித்தார். அந்த மனிதருக்கு அதனால் விருது ஒன்றும் வரவில்லை. வேலி போட்டு, உள்ளூர்க் கன்று வைத்து, மாதம் ஆறு பேர் என்று மூன்று வருடம் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) எழுதினோம். அந்தப் பேர் எல்லாம் கவ்வாத்து வேலைக்கு ஏலாத வயதான ஐயாமாருக்குப் போனது. நான் மாற்றலாகி வரும்போது மாசி மாதத்திலும் அந்தப் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன் மாசியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடிய நிற்பார்கள்.

அம்மா வேலை செய்கிற தோட்டம் என்பதால் ஒன்றை மறக்க வேண்டாம். முறைப்பாட்டில் அம்மாவின் பெயர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. லயத்தில் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து கையெழுத்து வையுங்கள், தலைவர் மூலம் தோட்டத்து முறைப்பாட்டுக் குழுவுக்கு முதலில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அடுத்த பரிசோதனையில் பரிசோதனைக்காரர் தொழிலாளிகளைத் தனியாக அழைத்துப் பேசுவார், அப்போது துரையோ கணக்கப்பிள்ளையோ பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. யாராவது நின்றால், பேசுவதற்கு முன் அவரை வெளியே போகச் சொல்லும்படி கேட்கலாம். தண்ணீர் அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்களை இங்கே போடுங்கள், தோட்டத்தின் பெயர் வேண்டாம். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று வரி வரியாகச் சொல்கிறேன்.